டென்னிஸ் எல்போவோட ஜிம் போறவங்களுக்கு: ரெஸ்ட்டா, ஊசியா, இல்ல வெயிட்டாலயே சரி பண்றதா?

முழங்கைக்கு வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கிட்டு இருக்கற இடத்துல வலி. பெஞ்ச் பிரஸ்ல பெருசா தெரியாது, ஸ்குவாட்ல சுத்தமா தெரியாது, ஆனா செட் முடிச்சிட்டு பார்ல இருந்து 20 கிலோ பிளேட்டை ஒத்தக் கையால விளிம்பைக் கிள்ளி உருவும்போது முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் சுள்ளுனு ஓடும். அப்புறம் வீட்டுலயும் ஆரம்பிக்கும். ஈரத்துண்டைப் பிழியறப்போ, தண்ணி பாட்டிலை மூடியைப் பிடிச்சுத் தூக்கறப்போ, பைக் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடிச்சிருக்கறப்போ. இந்த மாதிரி இருந்தா பெரும்பாலும் அது டென்னிஸ் எல்போ தான், நீங்க வாழ்க்கையில டென்னிஸ் ராக்கெட்டையே தொட்டதில்லன்னாலும் சரி. இது வர்றவங்கள்ல டென்னிஸ் ஆடறவங்க ரொம்பக் கம்மி. 35 வயசுல இருந்து 55 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் அதிகமா வரும், அந்த வயசுல திடீர்னு ஜிம் ஆர்வம் வந்து ஒரே மாசத்துல புல்லப், டெட்லிஃப்ட், ரிவர்ஸ் கர்ல்னு எல்லாத்தையும் ஏத்தறவங்களுக்கு இன்னும் சௌகரியமா வரும்.

வந்துருச்சு, இப்ப என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி. ஜிம்ல மாஸ்டர் ஒண்ணு சொல்லுவாரு, ஆர்த்தோ டாக்டர் ஒண்ணு சொல்லுவாரு, பிசியோ ஒண்ணு சொல்லுவாரு, வீட்டுல அம்மா தைலம் தேய்க்கச் சொல்லுவாங்க. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: வெயிட் தூக்கறவங்களுக்கு, வலிக்கற எக்சர்சைஸை மட்டும் மாத்திட்டு, முன்கைக்குத் தனியா மெதுவா லோடு ஏத்தறதுதான் பெஸ்ட். ரொம்ப சீக்கிரம் வலியைக் குறைக்கற வழி எதுவோ, அதுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஆபத்தான வழி. ஏன்னு கீழ வர்றேன்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு பத்தி. மணிக்கட்டை மேல் பக்கமா நிமிர்த்தற தசைகள் எல்லாம் முழங்கையோட அந்த வெளி எலும்புல வந்துதான் ஒட்டும். அதுல ஈ.சி.ஆர்.பி.ன்னு ஒரு தசை இருக்கு, அதோட டெண்டன் (தசையை எலும்போட இணைக்கற நார்) தான் இங்க முக்கியமான குற்றவாளி. நீங்க எதையாவது இறுக்கிப் பிடிச்சா விரல்கள் மடங்கும், கூடவே மணிக்கட்டும் உள்பக்கம் மடங்கப் பாக்கும், அதை மடங்க விடாம எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கறது இந்தத் தசை தான். அதனால கிரிப் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு இது வேலை செய்யும். டெட்லிஃப்ட் முதுகு எக்சர்சைஸ்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம், இந்த டெண்டனைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு முன்கை எக்சர்சைஸ். இன்னொரு விஷயம், பழைய பேரு எபிகாண்டிலைட்டிஸ்ங்கறதால (மருத்துவத்துல 'இட்டிஸ்'னு முடிஞ்சா வீக்கம்னு அர்த்தம்) இது வீக்கம்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா நாள்பட்ட கேஸ்ல டெண்டனை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தா வீக்கத்தோட செல்கள் கிட்டத்தட்ட இருக்காது, நார்கள் ஒழுங்கில்லாம சிதைஞ்சு, தேவையில்லாத சின்னச் சின்ன ரத்தக்குழாய் முளைச்சு இருக்கும். 1979ல அமெரிக்க சர்ஜன் நிர்ஷல் இதை எழுதினாரு. வீக்கத்தைக் குறைக்கற மருந்தை மட்டும் நம்பி இருந்தா ஏன் வேலைக்கு ஆகலங்கறதுக்கு இதுல பாதிப் பதில் இருக்கு.

அது டென்னிஸ் எல்போ தானான்னு வீட்டுலயே ஓரளவு பாத்துக்கலாம். கையை முன்னாடி நேரா நீட்டி, உள்ளங்கை கீழ பாக்கற மாதிரி வெச்சு, நடுவிரலை மட்டும் மேல தூக்குங்க, இன்னொருத்தர் அதைக் கீழ அமுக்கட்டும். வெளி எலும்புல வலிச்சா கிட்டத்தட்ட அதான். உள்பக்க எலும்புல வலின்னா அது கோல்ஃபர்ஸ் எல்போ, வேற கதை, லோ பார் ஸ்குவாட் (பாரை முதுகுல கொஞ்சம் கீழ இறக்கி வெச்சுப் பண்ற ஸ்குவாட்) போடறவங்களுக்கும் சின்-அப் அதிகம் பண்றவங்களுக்கும் அது சகஜம். விரல் மரத்துப் போகுது, கூச்சமா இருக்கு, கழுத்தைத் திருப்பினா கையில வலி ஏறுதுன்னா பிரச்சனை கழுத்து நரம்புல இருக்கலாம், அப்ப முழங்கைக்கு என்ன பண்ணாலும் வீண். முழங்கை மூட்டு வீங்கி சூடா இருக்கு, காய்ச்சல், கையை முழுசா நீட்ட முடியல, இல்ல விழுந்து அடிபட்டதுக்கு அப்புறம் வந்த வலின்னா இதுக்கு மேல படிக்காம டாக்டரைப் போய்ப் பாருங்க.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முழு ரெஸ்ட்

எல்லாரும் முதல்ல சொல்றது இதைத்தான். "ரெண்டு மாசம் ஜிம் பக்கமே போகாத." கேக்க நல்லா இருக்கும், ஓரளவுக்கு உண்மையும் இருக்கு, ஏன்னா டென்னிஸ் எல்போ வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, ஒண்ணுமே பண்ணாம விட்டாலும், ஒரு வருஷத்துக்குள்ள சரியாகிடும். ஆனா ஒரு வருஷம்ங்கறதைக் கவனிங்க. அதுவும் சரியானவங்க எல்லாம் பார்பெல் தூக்கறவங்க இல்ல, பொது ஜனம். நமக்குச் சிக்கல் என்னன்னா, முழு ரெஸ்ட்ல வலி குறையும், ஆனா டெண்டனோட தாங்கும் சக்தியும் கூடவே குறையும். நாலஞ்சு வாரம் சும்மா இருந்துட்டு, வலி இல்லன்னு சந்தோஷமா போய் பழைய வெயிட்டையே எடுத்தா, முன்ன விட பலவீனமான டெண்டன் மேல அதே லோடு விழும். மறுபடி வலி, மறுபடி ரெஸ்ட்னு இந்தச் சக்கரத்துலயே வருஷக்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கறவங்களை எந்த ஜிம்லயும் பாக்கலாம்.

முழு ரெஸ்ட் எப்ப சரின்னா, வலி ரொம்பக் கடுமையா இருக்கற முதல் ஒரு வாரம், பத்து நாள். காபி டம்ளரே தூக்க முடியலங்கற கட்டம். அப்பவும் ரெஸ்ட் அந்தக் கைக்கு மட்டும் தான், காலுக்கு இல்ல. லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், படி ஏறறது எல்லாம் தாராளமா ஓடலாம்.

பெல்ட்டும் ஜெல்லும் போட்டுக்கிட்டு அப்படியே ஓட்டறது

ரெஸ்ட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். மெடிக்கல் ஷாப்ல டென்னிஸ் எல்போ பெல்ட்னு கேட்டா குடுப்பாங்க, அதை மாட்டிக்கிட்டு, டைக்ளோஃபினாக் ஜெல் தேய்ச்சு, தேவைப்பட்டா ஒரு மாத்திரையும் போட்டுக்கிட்டு வழக்கமான வொர்க்கவுட்டையே தொடர்றது.

பெல்ட் மோசமில்ல. ஆனா நிறைய பேர் அதை வலிக்கற எலும்பு மேலயே கட்டறாங்க, அது தப்பு. எலும்புல இருந்து ரெண்டு விரல் அகலம் கீழ, முன்கைத் தசை புடைக்கற இடத்துல அமுக்கணும், அப்பத்தான் டெண்டன் ஒட்டற இடத்துக்குப் போற இழுவை கொஞ்சம் குறையும். வேலை பண்றப்போ, வண்டி ஓட்டறப்போ போட்டுக்கலாம், ராத்திரி கழட்டிடணும், கை மரத்தா உடனே தளர்த்தணும். ஜெல்லும் கொஞ்ச நாளைக்கு வலி குறைக்கும். மாத்திரையை வொர்க்கவுட்டுக்கு முன்னாடி போடறது தான் எனக்குப் பிடிக்காத விஷயம், ஏன்னா எவ்வளவு வலி வந்தா நிறுத்தணும்ங்கற ஒரே அளவுகோல் அந்த வலி தான், அதையும் அமுக்கிட்டு செட் போட்டா எதை வெச்சு முடிவெடுப்பீங்க? வயித்துப் புண், கிட்னி, பிபி இருக்கறவங்க இந்த மாத்திரைகளை டாக்டர் கிட்ட கேக்காம தொடவே கூடாதுங்கறது தனி.

இந்த வழியில வலி சமாளிக்கப்படும், டெண்டன் சரியாகறதில்ல. அதனால இது துணைக்கு வெச்சுக்கலாம், வைத்தியமா நம்பக்கூடாது.

ஸ்டீராய்டு ஊசி

இதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கணும், ஏன்னா எல்லாரையும் இழுக்கறது இதுதான். ஒரு ஊசி, செலவு கம்மி, சில நாள்லயே வலி காணாமப் போகும். போட்டுக்கிட்டவங்க "மேஜிக்டா மச்சி"ம்பாங்க. பொய் சொல்லல, அந்த நேரத்துக்கு அது மேஜிக் தான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, 2002ல நெதர்லாந்துல 185 பேரை மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஊசி, ஒண்ணுக்கு பிசியோ, ஒண்ணை சும்மா காத்திருக்கச் சொன்னாங்க. 6 வாரத்துல பாத்தா ஊசிக் குழுவுல 92 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், பிசியோவுல 47, சும்மா இருந்தவங்கள்ல 32. இதோட நிறுத்திட்டா ஊசி தான் ராஜா. ஆனா ஒரு வருஷம் கழிச்சு அதே ஆளுங்களைப் பாத்தப்போ ஊசிக் குழு 69, பிசியோ 91, சும்மா காத்திருந்தவங்க 83. அதாவது ஒண்ணுமே பண்ணாதவங்களே ஊசி போட்டவங்களை முந்திட்டாங்க. ஒரு தடவை தற்செயலா வந்திருக்கும்னு நினைக்கலாம், ஆனா 2006ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல 198 பேரை வெச்சு அதே மூணு வழியையும் மறுபடி பாத்தாங்க, அங்கயும் ஊசி முதல்ல ஜெயிச்சு அப்புறம் கவுந்தது, ஊசிக் குழுவுல 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. 2013ல அதே ஊர்ல 165 பேர், இந்தத் தடவை ஒரு பக்கம் நிஜ ஊசி, இன்னொரு பக்கம் வெறும் உப்புத்தண்ணி ஊசி. ஒரு வருஷக் கணக்குல ஸ்டீராய்டு போட்டவங்கள்ல வலி திரும்பினது 54 சதவீதம், உப்புத்தண்ணி போட்டவங்கள்ல 12 சதவீதம். கூட பிசியோ சேத்துக் குடுத்தும் ஒரு வருஷக் கணக்கு மாறல.

வெயிட் தூக்கறவங்களுக்கு இது ஏன் இன்னும் மோசம்னு யோசிச்சுப் பாருங்க. ஊசி போட்ட மூணாவது வாரம் வலி இல்ல. நம்ம ஆளு என்ன பண்ணுவான்? நேரா போய் டெட்லிஃப்ட் பாரைப் பிடிப்பான். டெண்டன் உள்ள அப்படியே சிதைஞ்சு தான் இருக்கு, போதாக்குறைக்கு ஸ்டீராய்டு அதை இன்னும் கொஞ்சம் பலவீனப்படுத்தி இருக்கு, எச்சரிக்கை மணியை மட்டும் கழட்டி வெச்சாச்சு. ஆபீஸ் வேலை பாக்கறவருக்கு ஊசி போட்டா மவுஸ் தான் பிடிப்பாரு, நாம 100 கிலோவைப் பிடிப்போம்.

அதோட ஊசி போட்ட இடத்துல சிலருக்குத் தோல் வெளுத்துப் போகும், உள்ள இருக்கற கொழுப்பு கரைஞ்சு குழி மாதிரி விழும், நம்ம நிறத்துக்கு அந்த வெள்ளைத் திட்டு நல்லா தெரியும். சுகர் இருக்கறவங்களுக்கு சில நாள் சுகர் எகிறும். ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் போட்டா டெண்டன் அறுந்து போற ஆபத்தும் இருக்கு.

அப்ப ஊசியே வேண்டாமா? வலியில தூங்கவே முடியாத ஒருத்தர், வேலைக்குப் போகாட்டி அன்னிக்கு சோறு இல்லங்கற ஒருத்தர், அவங்களுக்கு டாக்டர் யோசிச்சு ஒண்ணு போட்டா அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் பவர்லிஃப்டிங் மீட் (போட்டி) இருக்குன்னு போடறதை மட்டும் தப்புன்னு சொல்லுவேன்.

பிஆர்பி, ஷாக்வேவ், மத்ததெல்லாம்

பிஆர்பின்னா உங்க ரத்தத்தையே எடுத்து, சுத்தி, பிளேட்லெட் நிறைஞ்ச பகுதியைப் பிரிச்சு, டெண்டன்ல ஊசியா போடறது. விளையாட்டு வீரர்கள் போட்டுக்கிட்டாங்கன்னு செய்தி வந்ததுல இருந்து இதுக்கு ஒரு கவர்ச்சி. செலவு ஸ்டீராய்டு ஊசியை விட பல மடங்கு. 2021ல காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற அமைப்பு) 32 ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, டென்னிஸ் எல்போவுக்கு இது வெத்து ஊசியை விட கணிசமா நல்லது பண்றதா தெரியலன்னு முடிவுக்கு வந்தாங்க. ஸ்டீராய்டு மாதிரி பின்னால கவுத்து விடறதா தெரியல, அது ஒரு ஆறுதல். கையில காசு நிறைய இருந்து, ஆறு மாசம் ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணியும் நகரலன்னா யோசிக்கலாம், முதல் மாசமே போய் உக்காரத் தேவையில்ல.

ஷாக்வேவ் (அதிர்வலை), லேசர், அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி. (லேசா கரண்ட் குடுக்கறது), டிரை நீட்லிங் (மருந்தில்லாம ஊசி குத்தறது), டேப்: இதுல எதுவும் தனியா நின்னு ஜெயிச்சதா எனக்குத் தெரியல. ஒரு பிசியோ கிளினிக்ல பத்து சிட்டிங்கும் மெஷினை மாட்டி விட்டுட்டு, ஒரு தடவை கூட கையில டம்பெல்லைக் குடுத்துப் பாக்கலன்னா, கிளினிக்கை மாத்துங்க. தைலம், எண்ணெய் போட்டு நீவறது, தசை மேல மென்மையா பண்ணா சுகமா இருக்கும், கெடுதல் இல்ல. அந்த எலும்பு முட்டு மேலயே கட்டை விரலை வெச்சு அழுத்தித் தேய்க்கறது மட்டும் வேண்டாம், ஏற்கனவே கடுப்புல இருக்கற இடம் அது.

ஆபரேஷன்

சச்சின் டெண்டுல்கரால தான் நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இந்த நோயோட பேரே தெரியும். 2004ல ஆரம்பிச்ச வலி, பல மேட்ச் ஆட முடியல, 2005 மே மாசம் லண்டன்ல ஆபரேஷன், அக்டோபர்ல நாக்பூர்ல இலங்கைக்கு எதிரா திரும்பி வந்து 93 அடிச்சாரு. அவரே பண்ணிக்கிட்டாரே, நாமளும் பண்ணிக்கிட்டா என்னன்னு தோணும். அவரோட நிலைமை வேற, சுத்தி இருந்த ஆளுங்க வேற. 2018ல வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல 26 பேரைப் பிரிச்சு, பாதிப் பேருக்கு நிஜமாவே கெட்டுப் போன டெண்டன் பகுதியை வெட்டி எடுத்தாங்க, மீதிப் பேருக்குத் தோலைக் கீறி, டெண்டனைத் திறந்து பாத்துட்டு, எதையும் வெட்டாமத் தைச்சுட்டாங்க. ரெண்டு குழுவும் ஒரே மாதிரி தேறினாங்க. சின்ன ஆய்வு தான், அதை வெச்சு ஆபரேஷனே பொய்னு சொல்ல முடியாது. ஆனா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் மத்த எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணிப் பாக்காம அந்தப் பக்கம் போகத் தேவையில்லங்கறதுல டாக்டர்களும் பெரும்பாலும் ஒத்துப் போவாங்க.

சுத்தி வளைச்சு ட்ரெயினிங், கூடவே லோடு ஏத்தறது

என்னோட ஓட்டு இதுக்குத்தான். ஒண்ணு, ஜிம்ல வலிக்கறதை மாத்தறது. ரெண்டு, டெண்டனுக்குன்னு தனி வேலை குடுக்கறது. முதலாவதை மட்டும் பண்ணிட்டு ரெண்டாவதை விட்டுடறவங்க தான் அதிகம்.

மாத்தறதுல பெரிய விஷயம் கிரிப். லிஃப்டிங் ஸ்ட்ராப் (மணிக்கட்டுல மாட்டி பாரைச் சுத்திக்கற பட்டை) வாங்குங்க, வெக்கப்பட வேண்டாம். டெட்லிஃப்ட், ரோமானியன் டெட்லிஃப்ட், ரோ, புல்டவுன் எல்லாத்துலயும் ஸ்ட்ராப்பை இறுக்கிச் சுத்தி, விரலைத் தளர்வா கொக்கி மாதிரி மாட்டி இழுத்தா முதுகுக்கு வேலை குறையாது, முன்கைக்குக் குறையும். "ஸ்ட்ராப் போட்டா கிரிப் வீக் ஆகிடும்"னு ஒருத்தர் வருவாரு, அவருக்கு முழங்கை வலி இல்லன்னு அர்த்தம். இன்னொண்ணு, கை வேர்க்கறது. சென்னை மாதிரி ஊர்ல ஏசி இல்லாத ஜிம்ல, வழுக்கற பாரை விடாம இருக்கறதுக்காக நாம தேவைக்கு மேல இறுக்கிப் பிடிப்போம். கை வழுக்காம தேய்ச்சுக்கற சாக் பொடிக்குத் தடை போட்டிருக்கற ஜிம்மா இருந்தா லிக்விட் சாக் வாங்கிக்கங்க, சின்ன விஷயம், ஆனா ஒவ்வொரு ரெப்லயும் கணக்குல வரும்.

அப்புறம் உள்ளங்கை எந்தப் பக்கம் பாக்குதுங்கறது. உள்ளங்கை கீழ பாத்து, முழங்கை நேரா நீண்டு இருக்கற நிலை தான் இந்த டெண்டனுக்கு ரொம்பக் கஷ்டமான நிலை. அதனால தான் சைட் லேட்டரல் ரெய்ஸ்ல வெறும் 7 கிலோ டம்பெல் உயிரை எடுக்குது. அதுக்கு பதிலா கையோட மேல் பகுதியில பேடு அழுத்தற லேட்டரல் ரெய்ஸ் மெஷின் இருந்தா அது, இல்லாட்டி கேபிள் கஃப்பை முன்கையில மாட்டிக்கிட்டு பண்ணலாம், டம்பெல்லையே பிடிக்க வேண்டாம். பார்ல தொங்கற புல்லப்புக்கு பதிலா ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணையொண்ணு பாக்கற ஹேண்டில்ல புல்டவுன். பார்பெல் ரோவுக்கு பதிலா நெஞ்சை பெஞ்ச்ல சாய்ச்சுப் பண்ற ரோ. ரிவர்ஸ் கர்ல், கெட்டில்பெல் ஸ்விங், ஃபார்மர்ஸ் வாக் மூணுக்கும் கொஞ்ச நாள் டாட்டா. ஹேமர் கர்ல் சேஃப்னு நிறைய பேர் நினைக்கறாங்க, டென்னிஸ் எல்போல பல பேருக்கு அது தான் கடுப்பைக் கிளப்பும், அதை விட உள்ளங்கை மேல பாக்கற சாதாரண கர்ல் லைட் வெயிட்ல சும்மா போகும். பிரஸ் வகைகள் பெரும்பாலும் ஓகே, மணிக்கட்டு பின்னால சாயாம நேரா இருந்தா சரி. பிளேட் எடுக்கறப்போ, டம்பெல்லை ரேக்ல வெக்கறப்போ ரெண்டு கையும், முழங்கையை மடக்கி, உடம்போட ஒட்டி, கீழ இருந்து தாங்கி. செட்ல கவனமா இருந்துட்டு செட்டுக்கு நடுவுல கையைக் கெடுத்துக்கறவங்க தான் நிறைய.

ஜிம்முக்கு வெளியில இருக்கற 23 மணி நேரத்தையும் பாருங்க. டிராஃபிக்ல ஒரு மணி நேரம் பைக் ஓட்டறவருக்கு வலது கை ஆக்ஸிலேட்டர்லயும் இடது கை கிளட்ச்லயும் பிழிபடுது. கிளட்ச் கேபிள் டைட்டா இருந்தா மெக்கானிக்கிட்ட சொல்லி எண்ணெய் விட்டு ஃப்ரீ பண்ணிக்கறது கூட ஒரு வைத்தியம் தான். பக்கெட், சிலிண்டர், தேங்காய் துருவறது, சப்பாத்தி தேய்க்கறது எல்லாத்தையும் கொஞ்ச நாள் நல்ல கைக்கு மாத்துங்க, இல்ல வீட்டுல யாருகிட்டயாவது கெஞ்சுங்க.

இப்ப டெண்டனுக்கான வேலை. முதல் கட்டம், அசைவில்லாமப் பிடிக்கறது. மேஜை மேல முன்கையை முழுசா வெச்சு, உள்ளங்கை கீழ பாக்க, கை மட்டும் விளிம்புக்கு வெளிய இருக்கணும், முழங்கை மடங்கி இருக்கணும். 1 கிலோவோ 2 கிலோவோ டம்பெல், இல்லாட்டி தண்ணி பாட்டில். மணிக்கட்டை நேரா வெச்சு 30ல இருந்து 45 செகண்ட் அப்படியே பிடிங்க, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி, நாலஞ்சு தடவை, தினமும். சிலருக்கு இதுலயே வலி அடங்க ஆரம்பிக்கும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டும் சகஜம்.

அது சுலபமா போனதும் அசைவு. அதே நிலையில மணிக்கட்டை 3 செகண்ட்ல மேல தூக்கி 4 செகண்ட்ல கீழ இறக்கறது. 15 ரெப், 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தூக்கறது வலிச்சா இன்னொரு கையால தூக்கி விட்டு, இறக்கறதை மட்டும் வலிக்கற கை பண்ணட்டும். கொஞ்சம் கொஞ்சமா வெயிட்டை ஏத்தி ரெப்பைக் குறைச்சு 12, 10, 8ன்னு வரலாம், அரை கிலோ ஏத்தறது கூட ஏத்தம் தான், இங்க ஈகோ வேலைக்கு ஆகாது. கடைசியா முழங்கையை நேரா நீட்டி அதையே பண்றது, அது தான் கஷ்டமான வடிவம். கூடவே ஒரு சுத்தியலோட கைப்பிடி நுனியைப் பிடிச்சுக்கிட்டு, முன்கையை மெதுவா உள்பக்கமும் வெளிப்பக்கமும் சுழட்டறது நல்லது.

ரப்பர் பார் ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்கும், அதை முறுக்கி மெதுவா பிரிய விடறது இன்னொரு வழி. நியூயார்க்ல டைலர்ங்கற பிசியோவோட குழு 2010ல 21 பேர் கிட்ட பாத்தாங்க, வழக்கமான பிசியோவோட இதையும் சேத்துப் பண்ணவங்க கணிசமா நல்லா தேறினாங்க, அவர் பேர்லயே டைலர் ட்விஸ்ட்னு நிலைச்சுப் போச்சு. வலிக்கற கையில பாரை நேரா நிறுத்திப் பிடிச்சு, மேல நுனியை நல்ல கையால பிடிச்சு முறுக்கி, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, நல்ல கையை அசைக்காம, வலிக்கற கையோட மணிக்கட்டை மட்டும் மெதுவா மடங்க விட்டு முறுக்கை அவிழ்க்கணும். டம்பெல்லை விட இது உசத்தின்னு நான் நினைக்கல, ஆனா ஆபீஸ் டிராயர்ல கிடக்கும், ஞாபகம் வர்றப்போ பண்ணலாம், தொடர்ந்து பண்றதுக்கு அது பெரிய வசதி.

எவ்வளவு வலி தாங்கலாம்? பத்துக்கு மூணு, அதிகபட்சம் நாலு. பண்றப்போ அந்த அளவு இருந்து, மறுநாள் காலையில பழைய நிலைக்குத் திரும்பிட்டா சரி. மறுநாள் பல் தேய்க்கறப்போ முந்தின நாளை விட அதிகமா வலிச்சா லோடு ஜாஸ்தி, ஒரு படி இறங்குங்க. வலியே இல்லாமத்தான் பண்ணுவேன்னு அடம் பிடிச்சா லோடு ஏறவே ஏறாது.

இதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, ஆறு வாரத்துல ஒரு திசை தெரியணும், நல்ல மாத்தம் வர மூணு மாசம், சிலருக்கு அதுக்கும் மேல. நடுவுல ரெண்டு மூணு வாட்டி வலி எகிறும், எகிறினா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஊசியோட ஒப்பிட்டா இது சலிப்பான வழி தான். ஆனா வருஷக்கணக்கா மாசம் ரெண்டரை கிலோ ஏத்தி ஏத்தி பெஞ்ச் பிரஸ்ஸை வளர்த்த ஆளுக்கு இந்தச் சலிப்பு புதுசா என்ன?

யாருக்கு எது

வலி வந்து மூணு நாலு வாரம் தான் ஆகுது, ட்ரெயினிங் ஓரளவு ஓடுதுன்னா: எக்சர்சைஸை மாத்துங்க, ஸ்ட்ராப், பெல்ட், லோடிங். ஸ்கேன் கூடத் தேவையில்ல. 40 வயசுக்கு மேல வலியே இல்லாதவங்களுக்கும் ஸ்கேன்ல டெண்டன் மாறுதல் தெரியறது உண்டு, அந்த ரிப்போர்ட்ல "பார்ஷியல் டேர்" (டெண்டன் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு)னு படிச்சுப் பயந்து ஜிம்மை விட்டவங்க இருக்காங்க.

சுகர் இருக்கு, சிகரெட் இருக்குன்னா அதே வழி தான், ஆனா தேற நாள் அதிகம் ஆகலாம், ஊசிப் பக்கம் இன்னும் ஜாக்கிரதை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதுக்கு அப்புறம் எந்த டெண்டன்லயாவது புதுசா வலி வந்தா அதையும் டாக்டர் கிட்ட சொல்லுங்க. அந்த வகை மருந்து டெண்டனைப் பாதிக்கும்னு அமெரிக்காவுல 2008ல இருந்தே பெட்டி மேல எச்சரிக்கை போட வெச்சிருக்காங்க.

மீட் ஆறு வாரத்துல இருக்குன்னா நிலைமை தர்மசங்கடம். பவர்லிஃப்டிங் மேடையில ஸ்ட்ராப் அனுமதி இல்லங்கறதால டெட்லிஃப்ட்ல தப்பிக்க முடியாது. ட்ரெயினிங்ல பெரும்பாலான செட்டை ஸ்ட்ராப்போட முடிச்சு, வாரத்துக்கு ஒரே ஒரு ஹெவி செட்டை மட்டும் கையால பிடிச்சுப் பாத்து, மறுநாள் வலியைப் பாத்து முடிவு பண்ணலாம். கூடுதுன்னா இந்த மீட்டை விட்டுடுங்க, அடுத்த மீட் வரும்.

மூணு மாசம் நிஜமாவே ஒழுங்கா லோடிங் பண்ணியும் இம்மி நகரலன்னா, விளையாட்டு காயங்களைப் பாக்கற ஒரு ஆர்த்தோ கிட்ட போங்க. அப்ப கேக்க வேண்டிய முதல் கேள்வி "என்ன ஊசி போடலாம்"ங்கறது இல்ல, "இது டென்னிஸ் எல்போ தானா"ங்கறது. முன்கையில ரேடியல் நரம்பு அழுத்தப்பட்டாலும் கிட்டத்தட்ட இதே இடத்துல வலிக்கும், அதுல வலி எலும்பு முட்டுக்கு மூணு நாலு விரல் கீழ, தசைக்குள்ள இருக்கும், ராத்திரியிலயும் குடையும்.

பழைய வெயிட்டுக்குத் திரும்பறப்போ ஒரே நேரத்துல எல்லாத்தையும் அவுத்து விடாதீங்க. முதல்ல ரோவுல லைட் செட்டுக்கு ஸ்ட்ராப்பைக் கழட்டுங்க, ரெண்டு வாரம் பாருங்க, அப்புறம் டெட்லிஃப்ட் வார்ம்-அப்ல, அப்புறம் நடு செட்ல. புல்லப் அதுக்கும் பின்னாடி, முதல்ல ரப்பர் பேண்ட் உதவியோட. லேட்டரல் ரெய்ஸ் டம்பெல்லுக்குக் கடைசி இடம். முன்கை லோடிங்கை வலி போனதும் நிறுத்திடாம வாரம் ரெண்டு நாள், புல் டே (இழுக்கற எக்சர்சைஸ் பண்ற நாள்) முடிவுல ரெண்டு செட்டா ஓட்டிக்கிட்டே இருங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.